பௌதிகவியல் முதுமாணியில் எந்தப் பிரிவை எடுப்பது? யாழ்ப்பாணத்திலிருந்து யோசிப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இறுதி வருடம் முடிகிற நேரத்தில் பௌதிகவியல் பிள்ளைகள் எல்லோரிடமும் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பிரிவுக்கு இப்ப ஸ்கோப் இருக்கு?" கேள்வியில் பிழையில்லை, ஆனால் அதை முதலாவதாகக் கேட்டால் வருகிற பதில் உங்களைக் குழப்பிவிடும். ஸ்கோப் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறுகிற விஷயம். ஒரு பிரிவில் சேர்ந்த பிறகு நீங்கள் காலையில் ஆய்வுகூடத்துக்குப் போய்ப் பின்னேரம் வரை என்ன செய்யப் போகிறீர்கள் என்பது அவ்வளவு கெதியாக மாறாது. வானியல் என்று ஆசைப்பட்டுச் சேர்ந்தவர் பெரும்பாலான நேரம் திரைக்கு முன்னால் இருந்து தரவைச் சுத்தம் செய்கிறார், சூரியக் கலம் என்று சேர்ந்தவர் நாள் முழுக்கக் கண்ணாடித் தட்டுக் கழுவுகிறார். அந்த வேலை பிடித்தவருக்கு அது சந்தோஷம், பிடிக்காதவருக்கு இரண்டு வருடம் வீண்.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் எந்த வகைப் பட்டம், அடுத்தது உங்களுக்கு ஒத்துவருகிற வேலைமுறை, அடுத்தது துறை, அதற்குப் பிறகு மேற்பார்வையாளர். ஆய்வின் தலைப்பு கடைசியில் வரட்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள், "கருந்துளை" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வருகிறார்கள்.

1. எந்த வகைப் பட்டம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி என்று சொல்லப்படுவது ஒரே மட்டத்தில் இல்லை. 9ஆம் மட்டம் பாடநெறியை அடிப்படையாகக் கொண்டது, 30 கிரெடிட். 10ஆம் மட்டம் 60 கிரெடிட், அதற்குள் ஆய்வுப் பகுதியும் கட்டாயம், சாதாரணமாக இரண்டு வருடம் எடுக்கும். அதற்கு மேலே 11இல் எம்.பில்., 12இல் கலாநிதிப் பட்டம். நீங்கள் ஏற்கெனவே ஆசிரியராகவோ அரச அலுவலராகவோ இருந்து, பதவி உயர்வுக்கும் பாட அறிவுக்குமாகப் படிக்கிறீர்கள் என்றால் வார இறுதி வகுப்போடு வரும் 9ஆம் மட்டம் தாராளமாகப் போதும், அதை யாரும் குறைவாகச் சொன்னால் காதில் வாங்க வேண்டாம். ஆனால் பிறகு வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஆய்வுப் பகுதி உள்ளதை எடுங்கள், ஏனென்றால் அங்கே பேராசிரியர்கள் முதலில் தேடுவது "இவர் தானாக ஒரு ஆய்வைச் செய்து முடித்திருக்கிறாரா" என்பதைத்தான்.

வெளிநாடு என்றால் நாட்டுக்கு நாடு முறை வேறு. ஐரோப்பாவின் பெரும்பாலான இடங்களில் இரண்டு வருடம், ஐரோப்பியக் கணக்கில் 120 கிரெடிட், முதல் வருடம் பாடம், இரண்டாம் வருடத்தில் ஆய்வேடு, அதனால் போய்ச் சேர்ந்த பிறகும் பிரிவைத் தீர்மானிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். பிரித்தானியாவில் பெரும்பாலும் ஒரே வருடம், விண்ணப்பப் படிவத்திலேயே பிரிவு முடிவாகிவிடும். அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், பல துறைகள் கற்பித்தல் உதவியாளர் வேலை தந்து கட்டணத்தையும் தள்ளுபடி செய்கின்றன, அங்கே முதல் ஒன்றிரண்டு வருடம் பொதுப் பாடங்கள்தான்.

இன்னொன்று இருக்கிறது, எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர் கவனிக்காதது. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையம், 1991 முதல் வளர்முக நாட்டு மாணவர்களுக்கென்றே ஒரு வருட டிப்ளோமா நடத்துகிறது. தெரிவானால் படிப்புக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் அவர்களே காசு தருகிறார்கள். செறிபொருள் (திண்மம், திரவம் போன்றவற்றின் பௌதிகவியல்), உயர்சக்தி, புவித்தொகுதி, கணிதம் என்று பிரிவுகள் உண்டு. அடிப்படை நல்ல பலமாக உள்ள, ஆனால் ஆய்வு அனுபவம் குறைந்த ஒருவருக்கு இதைவிட நல்ல பாலம் கிடைப்பது கடினம் என்றே சொல்லுவேன்.

2. கோட்பாடா, பரிசோதனையா, கணிப்பா

இந்தக் கட்டத்தில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

பரிசோதனை என்பது பெரும்பாலும் பழுது பார்ப்பதுதான். வெற்றிடப் பம்பி இழுக்காது, ஒரு ரப்பர் வளையத்தில் தூசி இருக்கும், அதைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை போகும். படலம் பூசி எடுத்தால் ஒன்று வரும், அடுத்த நாள் அதே முறையில் செய்தால் வேறொன்று வரும், காற்றின் ஈரப்பதன் மாறியிருக்கும். இப்படிப்பட்ட நாட்களில் எரிச்சல் வந்தாலும் "ஏன் இப்படி வந்தது" என்று தோண்டிப் பார்க்கிற குணம் உங்களுக்கு இருந்தால் நீங்கள் பரிசோதனைக்காரர். உயர்தரத்தில் செய்முறைக் கொப்பியில் எல்லாப் புள்ளிகளும் நேர்கோட்டில் வரவேண்டும் என்று பழக்கப்பட்டவர்களுக்கு இது முதலில் அதிர்ச்சியாக இருக்கும். கோட்டில் விழாத புள்ளியை அழிக்காமல் திரும்ப அளந்து பார்க்க உங்களுக்கு மனம் வந்ததா என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள், அது நல்ல அடையாளம்.

கோட்பாடு என்றால் தனிமை. ஒரு கணக்கில் எங்கேயோ குறி மாறிவிட்டது, விடையின் பரிமாணம் சரியாக இருக்கிறது, எல்லை நிலையில் மட்டும் பிழைக்கிறது, அதை எங்கே விட்டோம் என்று நாலு நாள் தாளோடு இருப்பது. அதைப் பற்றிக் கதைக்க ஆள் இல்லாவிட்டாலும் தொடரும் மனம் வேண்டும். பரீட்சையில் குவாண்டம் பொறிமுறைக்கு ஏ எடுத்திருப்பது இதற்குப் போதுமான சாட்சி ஆகாது. ஒரு பாடப்புத்தக அத்தியாயத்தை யாரும் சொல்லாமல், பரீட்சை இல்லாமல், எல்லாப் பயிற்சிகளோடும் முடித்திருக்கிறீர்களா என்பதுதான் சாட்சி.

கணிப்பு முறையைப் பலர் "கொம்பியூட்டர் வேலை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அல்லது அது சுகமான வழி என்று நினைக்கிறார்கள். இரண்டும் சரியில்லை. ஒரு நிரல் ஓடி முடிந்து ஒரு எண் தருகிறது, அந்த எண்ணை நம்பலாமா என்று சோதிப்பதுதான் வேலையின் பெரும் பகுதி. கணிப்புப் புள்ளிகளை நெருக்கிப் பார்க்க வேண்டும், கால இடைவெளியைக் குறைத்துப் பார்க்க வேண்டும், தெரிந்த விடை உள்ள ஒரு பிரச்சினையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து செய்பவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு: விலை கூடிய கருவி தேவையில்லை. ஒரு பொருளின் இயல்புகளை அதன் இலத்திரன் அடர்த்தியிலிருந்து கணிக்கும் அடர்த்திச் சார்புக் கோட்பாடு என்ற முறை 1964இல் ஹொகன்பேர்க், கோன் இருவரின் கட்டுரையோடு தொடங்கியது, வால்டர் கோனுக்கு 1998இல் இரசாயனவியல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த முறையில் கணக்குப் போடும் குவாண்டம் எஸ்பிரஸோ மென்பொருளை யாரும் இலவசமாக இறக்கலாம், சிறிய பளிங்குகளுக்கு ஒரு சாதாரண மடிக்கணினியே காணும்.

இந்த மூன்றில் எது உங்களுடையது என்று தெரியாவிட்டால் இறுதி வருட ஆய்வுத் திட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பகுதியைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை, எந்தப் பகுதியை நண்பனிடம் தள்ளிவிட்டீர்கள்? அதை ஒரு தாளில் உண்மையாக எழுதுங்கள், வேறு யாருக்கும் காட்டத் தேவையில்லை.

3. துறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

சூரியக் கலங்களும் செறிபொருளும். எங்கள் பக்கத்தில் மிக வலுவான தெரிவு இது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையில் சூரியக் கல ஆய்வு பல வருடங்களாக நடக்கிறது, நோர்வே உட்பட வெளிநாட்டுக் குழுக்களோடு தொடர்பும் உண்டு. கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்கும் இதில் நீண்ட வரலாறு இருக்கிறது. பெரோவ்ஸ்கைட் என்ற பளிங்கு அமைப்புள்ள பொருளால் செய்யும் சூரியக் கலங்களின் வினைத்திறன் 2009இல் 3.8 சதவீதமாக இருந்தது, இன்று ஆய்வுகூட அளவில் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு குறைகடத்திச் சந்தி உள்ள கலத்துக்குக் கோட்பாட்டு எல்லை ஏறத்தாழ 33 சதவீதம், ஆகவே வினைத்திறனைக் கூட்டுவதில் இன்னும் கொஞ்சம் இடம்தான் இருக்கிறது, ஆனால் நிலைத்து நிற்பதில் நிறைய இடம் இருக்கிறது. ஈரப்பதன் இந்தப் பொருளைச் சிதைக்கிறது, வெப்பமும் சிதைக்கிறது, ஈயம் வேறு உள்ளே இருக்கிறது. எங்கள் காற்றில் உப்பும் ஈரமும் வெயிலும் ஒன்றாக இருக்கின்றன, இங்கே தாக்குப்பிடிக்கிற கலம் ஒன்றைச் சோதிப்பது வெறும் உள்ளூர் ஆசை கிடையாது, நல்ல ஆய்வுக் கேள்வி. மன்னாரில் 103.5 மெகாவாற் காற்றாலைத் தொகுதி வந்த பிறகு வடக்கில் சக்தி சம்பந்தமான வேலைகள் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள், ஆனால் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: காற்றாலையிலும் சூரியப் பூங்காவிலும் ஆளெடுப்பு பெரும்பாலும் பொறியியலாளர்களுக்குத்தான். சூரியக் கலப் பொருட்கள் பற்றி முதுமாணி செய்தவருக்குக் கையில் சேருவது படலம் பூசுதல், எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு, மின்னோட்ட வோல்ற்றளவு அளவீடு போன்ற திறமைகள், அவற்றின் சந்தை பெரும்பாலும் கலாநிதிப் படிப்பும் வெளிநாட்டுக் குறைகடத்தித் தொழிலும். உள்நாட்டில் நனோ தொழில்நுட்பத்துக்கு ஹோமாகமவில் சிலின்டெக் இருக்கிறது.

மருத்துவப் பௌதிகவியல். வேலை என்ற கண்ணோடு பார்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். புற்றுநோய்க் கதிர்ச் சிகிச்சையில் நோயாளிக்குப் போகும் கதிர் அளவைக் கணக்கிட்டு, இயந்திரம் அதையே கொடுக்கிறதா என்று அளந்து உறுதிப்படுத்துபவர் மருத்துவப் பௌதிகவியலாளர். திட்டமிட்ட அளவுக்கும் கொடுத்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது நீண்டகாலமாக ஏற்றுக்கொண்ட விதி. இயந்திரத்தின் கதிர் மூலம் கோபாற்று-60 என்றால் அதன் அரைவாழ்வுக்காலம் 5.27 வருடம், அதனால் அதே அளவைக் கொடுக்கச் சிகிச்சை நேரம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டு போகும், அந்தத் திருத்தத்தைத் தவறவிட முடியாது. தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை வந்த பிறகு இந்த வேலை எங்கள் ஊருக்குள்ளேயே கண்ணுக்குத் தெரிகிறது. பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் மருத்துவப் பௌதிகவியலில் முதுமாணி நடத்துகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு விஞ்ஞானத்துக்கென்றே ஒரு துறை உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டம் எடுத்தால் மட்டும் இதில் முழுமையான தகுதி வராது. சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் முதுமாணிக்குப் பிறகு ஆகக் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவமனையில் மேற்பார்வையோடு பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஆகவே ஒரு பாடநெறியில் சேர முன் கேட்க வேண்டிய கேள்வி, "மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம், யார் ஒழுங்கு செய்வது?" என்பதுதான். பதில் தெளிவில்லாமல் இருந்தால் அவசரப்பட்டுச் சேராதீர்கள். இன்னொன்று, இது மனிதர்களோடு வேலை, நோயாளியின் அம்மா நடைபாதையில் உங்களைப் பிடித்துக் கேள்வி கேட்பா. அதைத் தாங்கும் மனம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மருத்துவமனையில் சில நாள் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள்.

துணிக்கைப் பௌதிகவியலும் தூய கோட்பாடும். எங்களுக்கு இதில் ஒரு பழைய மரபு இருக்கிறது. பல்கலைக்கழகம் என்று ஒன்று இலங்கையில் வேர்விட்ட காலத்தில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஏ. டபிள்யூ. மயில்வாகனம் அண்டக்கதிர் ஆய்வு செய்தவர், சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் குவாண்டம் முன்னோடி டிராக்கின் மாணவர். ஆனால் முதுமாணி மட்டத்தில் இதை எடுப்பவர் அடுத்து கலாநிதிப் படிப்பு, அதற்கடுத்து சில வருடம் தற்காலிக ஆய்வுப் பதவிகள் என்று நீண்ட பாதையைக் கண்ணைத் திறந்துகொண்டே ஏற்க வேண்டும். உலகம் முழுவதும் இடம் குறைவு, போட்டி மிகக் கூட. இதை எடுப்பதென்றால் குவாண்டம் புலக் கோட்பாடு கற்பிக்க ஆள் உள்ள இடத்தில் எடுங்கள், இல்லாத இடத்தில் "நானே படிப்பேன்" என்று சேர வேண்டாம். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போல இந்தியாவில் இதற்கு உறுதியான இடங்கள் இருக்கின்றன, இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் ஒவ்வொரு வருடமும் இலங்கை மாணவருக்குத் திறக்கின்றன, அறிவிப்பைத் தவறவிடாமல் பாருங்கள்.

வானியல். ஆசை அதிகம் உள்ள இடம், அதனால் கொஞ்சம் நிதானம் வேண்டும். நாட்டில் உள்ள குறிப்பிடத்தக்க தொலைநோக்கி மொரட்டுவை ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தின் 45 சென்ரிமீற்றர்க் கருவி. அதனால் வானியல் செய்ய முடியாது என்று அர்த்தம் ஆகாது, ஏனென்றால் இன்றைய வானியலின் பெரும் பகுதி திறந்த தரவில் நடக்கிறது. ஐரோப்பாவின் கையா விண்கலம் 2022இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்கள், ஈர்ப்பலை கண்டுபிடித்த லைகோ ஆய்வகத்தின் தரவும் திறந்து கிடக்கிறது, கோண்டாவிலில் இருந்தும் இறக்கலாம், கலிபோர்னியாவில் இருந்தும் அதேதான். இதை எடுப்பவர் உண்மையில் கற்பது புள்ளிவிபரமும் நிரலாக்கமும், அந்தத் திறமைக்கு வானியலுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது.

நிலத்தடி நீரும் புவிப்பௌதிகவியலும். யாரும் அதிகம் கேட்காத பிரிவு, ஆனால் யாழ்ப்பாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பௌதிகவியல் எனக்குத் தெரியவில்லை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எல்லாம். அந்த நன்னீர் கடல் நீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது, அடர்த்தி வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும் என்று வரும், அப்படியென்றால் மேலே ஒரு மீற்றரை இறைத்துக் குறைத்தால் கீழே என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நிலத்தில் நாலு மின்வாய்களை ஊன்றி, இரண்டில் மின்னோட்டம் விட்டு மற்ற இரண்டில் மின்னழுத்த வித்தியாசத்தை அளந்து, கீழே உவர்நீர் எங்கே தொடங்குகிறது என்று கிணறு வெட்டாமலே சொல்லலாம், கடல் நீரின் மின்தடைத்திறன் ஏறத்தாழ 0.2 ஓம் மீற்றர்தான், நன்னீர் உள்ள சுண்ணாம்புக் கல்லுக்கு அதைவிடப் பலநூறு மடங்கு இருக்கும். கருவி பெரிய விலை இல்லை, ஆய்வுகூடம் உங்கள் வீட்டு வளவே. வெயிலில் கம்பி இழுக்கப் பிடிக்காதவர்களுக்கு மட்டும் சரிவராது.

குவாண்டம் தகவல். குவாண்டம் விதிகளை வைத்துக் கணிப்பதும் செய்தி அனுப்புவதும் பற்றிய துறை இது. 2025ஐ ஐக்கிய நாடுகள் சபை குவாண்டம் ஆண்டாக அறிவித்தது, எல்லோரும் அதைப் பற்றியே கேட்கிறார்கள். வெளிநாட்டில் முதுமாணி இடங்கள் கூடிக்கொண்டு வருவது உண்மை. ஆனால் "குவாண்டம்" என்று தலைப்புப் போட்ட ஒரு பாடநெறியின் பாடப் பட்டியலை வடிவாகப் பாருங்கள், நேரியல் அட்சரகணிதமும் குவாண்டம் ஒளியியலும் திண்மநிலையும் ஆழமாக இருந்தால் எடுக்கலாம், மென்பொருள் அறிமுகங்கள் மட்டும் இருந்தால் அந்தக் காசுக்கு வேறு ஏதாவது செய்யலாம்.

இலத்திரனியலும் கருவியியலும், வளிமண்டலமும் பற்றிச் சுருக்கமாக: முதலாவது உள்நாட்டில் தொழிலுக்கு உடனே உதவும், ஆனால் பொறியியல் பட்டதாரிகளோடு போட்டி போட வேண்டி வரும். இரண்டாவது, மழையும் புயலும் இடி மின்னலும் எங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் நாட்டில் நல்ல எதிர்காலம் உள்ளது, கணிப்பு முறை பிடித்தவர்களுக்குப் பொருந்தும்.

4. சேர முன் பரிசோதித்துப் பாருங்கள்

இரண்டு துறைக்குள் வந்துவிட்டீர்களா? சரி, இப்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிழமை கொடுங்கள். முதல் கிழமையில் அந்தத் துறையின் ஒரு மீளாய்வுக் கட்டுரையையும் அண்மைய ஆய்வுக் கட்டுரைகள் இரண்டு மூன்றையும் வாசியுங்கள், 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையத்தளத்தில் எல்லாம் இலவசம். கட்டுரையின் முடிவை விடுங்கள், செய்முறைப் பகுதியை வாசிக்கும்போது "இதை நானும் செய்து பார்க்க வேண்டும்" என்று தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

இரண்டாவது கிழமையில் கையால் ஏதாவது செய்யுங்கள். வானியல் என்றால் கையா தரவில் ஒரு விண்மீன் கொத்தை எடுத்துப் பைதன் நிரல்மொழியில் நிறமும் ஒளிர்வும் வரைந்து பாருங்கள். செறிபொருள் என்றால் சிலிக்கனின் சக்திப் பட்டையைக் கணக்கிடுங்கள். வழமையான கணிப்பில் சக்தி இடைவெளி, அளந்த 1.12 இலத்திரன் வோல்ற்றின் பாதியளவுதான் வரும். அது ஏன் என்று தேடத் தோன்றினால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். மருத்துவப் பௌதிகவியல் என்றால் கோபாற்றின் சிதைவுக்கு ஏற்பச் சிகிச்சை நேரத்தை ஒரு வருடத்துக்கு அட்டவணை போடுங்கள், இப்படி நாள்தோறும் எண்ணைச் சரிபார்க்கிற வேலையில் உங்களுக்குக் கவனம் சிதறாமல் நிற்கிறதா என்று அது காட்டும்.

5. மேற்பார்வையாளர்

துறைக்குச் சமமாக, சில நேரம் அதைவிடக் கூடுதலாக, இது முக்கியம். சுமாராகப் பிடித்த துறையில் நல்ல மேற்பார்வையாளர் கிடைத்தால் பட்டம் முடியும், ஆளும் வளருவீர்கள். கனவுத் துறையில் மின்னஞ்சலுக்கு மாதக் கணக்கில் பதில் போடாத ஒருவர் கிடைத்தால் இரண்டும் நடக்காது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் "சேர் என்ன நினைப்பாரோ" என்று கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். மரியாதையாகக் கேட்கலாம், நல்ல ஆசிரியர்கள் அதை விரும்புவார்கள். "சேர், கடைசியாக முடித்த மாணவர்கள் எவ்வளவு காலத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? கிழமைக்கு ஒருமுறை சந்திக்க முடியுமா? இந்த அளவீட்டுக்கு வேண்டிய கருவி இப்போது வேலை செய்கிறதா, இல்லாவிட்டால் எங்கே கொண்டுபோய் அளப்போம்?" கடைசிக் கேள்வி மிக முக்கியம். மாதிரியைச் செய்து வைத்துவிட்டு எக்ஸ் கதிர் அளவீட்டுக்கு வேறு ஊருக்கு அனுப்பிக் காத்திருந்தே ஒரு பருவம் போய்விடும்.

அதன் பிறகு அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களோடு தனியாகக் கதையுங்கள், கன்ரீனில், அவசரமில்லாமல். "வேலை பிழைத்தால் சேர் எப்படி நடந்துகொள்வார்?" என்று கேட்டால் போதும், மீதி தானாக வரும். இரவு வரை ஆய்வுகூடத்தில் நிற்க வேண்டி வருமா, வீட்டுக்குப் போக வசதி என்ன என்பதைப் பெண் பிள்ளைகள் கட்டாயம் கேளுங்கள், அதைக் கேட்பது ஆர்வக் குறைவு ஆகாது.

வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதுவதென்றால் சுருக்கமாக எழுதுங்கள். அவருடைய ஒரு கட்டுரையில் எது உங்களை இழுத்தது என்று ஒரு வரி, நீங்கள் செய்த ஒரு வேலை பற்றி இரண்டு வரி, எந்தப் பருவத்துக்கு இடம் தேடுகிறீர்கள் என்று ஒரு வரி. ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் அது அப்படியே தெரியும்.

6. காசும் வீடும்

இதைக் கதைக்காமல் பிரிவு தெரிவு செய்யும் வழிகாட்டிகள் எங்கள் வீடுகளுக்கு உதவாது. மூத்த பிள்ளையாக இருந்தால், தங்கச்சியின் கல்யாணம் இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, அப்பா ஓய்வு பெற்றுவிட்டார் என்றால் முழுநேரக் கோட்பாட்டு ஆய்வு இப்போது பொருந்தாமல் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசிரியர் நியமனத்தோடு பகுதிநேரப் பட்டம் ஒரு வழி. தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலையோடு எம்.பில். இன்னொரு வழி, ஆனால் அந்த ஒப்பந்தம் எவ்வளவு காலம் என்று முதலே எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டுக் கணக்கில் சில எண்கள்: ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1500 யூரோ. ஆனால் விசாவுக்கு முடக்கிய கணக்கில் (மாதாமாதம் ஒரு அளவு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்று 2024 செப்ரெம்பரில் ஆக்கினார்கள், விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்தத் தொகையை மறுபடி பாருங்கள். நோர்வே முன்பு எல்லோருக்கும் இலவசம், 2023 இலையுதிர் காலம் முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறது, பழைய தகவலை வைத்துக்கொண்டு திட்டம் போடுபவர்களை இன்னும் காண்கிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் மாமா "ஐ.ரி. செய்" என்று சொல்லுவார். அவர் சொல்வதில் பாதி சரி, நிரலாக்கம் எந்தப் பிரிவிலும் உங்களைக் காப்பாற்றும். மீதிப் பாதிக்கு அவரிடம் உங்கள் திட்டத்தைக் காட்டுங்கள்: எத்தனை வருடம், எவ்வளவு காசு, முடிவில் என்ன வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு பக்கத்தில். வீட்டில் உள்ளவர்கள் பெரும்பாலும் பௌதிகவியலுக்குப் பயப்படுவதில்லை, கணக்கு இல்லாத திட்டத்துக்குத்தான் பயப்படுகிறார்கள்.

7. தெரிவுப் பாடங்களும், மாறவேண்டி வந்தால்

எந்தப் பிரிவாக இருந்தாலும் குவாண்டம் பொறிமுறை, புள்ளிவிபரப் பொறிமுறை, மின்காந்தவியல், கணித முறைகள் என்ற நாலையும் முதல் வருடத்திலேயே பலப்படுத்துங்கள், அதோடு பைதனும் பிழைப் பகுப்பாய்வும். தெரிவுப் பாடங்களை எல்லாம் ஒரே குறுகிய பிரிவிலேயே எடுக்க வேண்டாம், ஒன்றாவது பக்கத்துத் துறையில் இருக்கட்டும். மென்படலம் செய்பவர் கணிப்புப் பாடம் ஒன்று எடுத்தால் தன் அளவீட்டைத் தானே மாதிரியாக்கிப் பார்க்கலாம்.

முதுமாணிப் பிரிவு ஆயுள் தண்டனை போலப் பயப்படுபவர்களுக்கு வானியற்பௌதிகவியலாளர் சந்திரசேகரைச் சொல்லுவேன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930இல் கப்பல் ஏறியவர், விண்மீன்களின் அமைப்பில் தொடங்கி, விண்மீன் இயக்கவியலுக்கும், கதிர்வீச்சுக் கடத்தலுக்கும், பாய்ம உறுதிநிலைக்கும், பிற்காலத்தில் கருந்துளைகளின் கணிதத்துக்கும் போனார், ஒவ்வொன்றிலும் பல வருடம் நின்று ஒரு நூல் எழுதி முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தார். 1983இல் நோபல் பரிசு. அவரால் அப்படி நகர முடிந்தது அடிப்படைக் கணிதமும் பௌதிகவியலும் எங்கே போனாலும் கூடவே போனதால்.

படிப்புத் தொடங்கிய பிறகு பிரிவு பிழைத்துவிட்டது என்று தெரிந்தால் ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்யும் திகதிக்கு முன்னர் மாறுவதுதான் சுலபம், அந்தத் திகதியைச் சேர்ந்த முதல் கிழமையிலேயே கைநூலில் பார்த்துக் குறித்து வையுங்கள். மாற நினைத்தால் முதலில் புதிய மேற்பார்வையாளரோடு கதைத்து அவருடைய சம்மதத்தை எடுங்கள், அடுத்து பழையவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், மற்றவர்கள் வாயால் அவர் கேள்விப்பட விடாதீர்கள். பிறகு எடுத்து முடித்த பாடங்களில் எவை புதிய பிரிவுக்கும் கணக்கில் வரும் என்ற பட்டியலோடு பாடநெறி இணைப்பாளரிடம் போங்கள். தலைப்புப் பதிந்த பிறகுதான் தெரிய வந்தது என்றால், ஆய்வு பாதிக்கு மேல் போய்விட்டது என்றால், அதை முடித்துவிட்டு அடுத்த பட்டத்தில் மாறுவதே நல்லது. வேறு துறையில் முதுமாணி முடித்தவரைக் கலாநிதிப் படிப்புக்கு எடுக்கிறார்கள், முடிக்காமல் விட்டவருக்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டி வருகிறது.